எல்.டி.ஆர். மின்சாரம் தயாரிக்காது

சேலத்தில் அறிவியல் கண்காட்சிக்கு ரோபோ செய்யும் பிள்ளைகளிடையே, எல்.டி.ஆர். என்ற சிறிய ஒளியுணர் பாகத்தைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: "எல்.டி.ஆர். வெளிச்சத்திலிருந்து தானே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், பேட்டரி செலவாகாது." இது தவறு.

எல்.டி.ஆர். வெறும் மின்தடைதான். அதன் முகத்தில் காட்மியம் சல்பைடு பூசிய வளைந்த கோட்டில் ஒளி பட்டால் தடை குறையும், அவ்வளவே. மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, தனி எல்.டி.ஆரை வெயிலில் காட்டிப் பாருங்கள், சுழியம்தான் வரும். மின்னழுத்தம் தருவது சோலார் செல்லும் போட்டோடயோடும்.

உண்மையில் நடப்பது நேர்மாறு. வெளிச்சம் கூடக்கூட பேட்டரி அதிகம் கரையும். ஒளியைத் தேடிப்போகும் ரோபோவில் இரண்டு எல்.டி.ஆரைத் தொடராக இணைப்போம். சேலத்து மத்தியான வெயிலில் ஒவ்வொன்றும் 200 ஓமுக்கு இறங்கினால், 5 வோல்ட்டில் 12.5 மில்லிஆம்பியர் சும்மா ஓடும். ஏற்காட்டு மூடுபனியில் இந்தச் செலவு குறைவு.

சரி, என்ன செய்யலாம்? அந்தத் தொடரின் மேல்முனையை 5 வோல்ட்டில் நிரந்தரமாகக் கட்டாமல், ரோபோவை இயக்கும் ஆர்டுயினோ பலகையின் டிஜிட்டல் பின்னில் (இணைப்பு முனையில்) கொடுங்கள். 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, 5 மில்லிசெகண்டு மட்டும் அந்த முனையை 5 வோல்ட்டுக்கு உயர்த்தி அளவெடுத்துவிட்டு அணையுங்கள். சராசரி செலவு இருபதில் ஒரு பங்காகிவிடும்.