நகரத்தின் நடுவில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்

"நகர மையத்துக்குப் புத்துயிர் கொடுக்கப் போகிறோம்" என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இங்கே உயிர் இல்லை என்று இவர்களிடம் யார் சொன்னது? நான் இங்கேதான் குடியிருக்கிறேன். என் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் வயதான அம்மா இங்கேதான் இருக்கிறார், கீழ்த்தளத்தில் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி இருக்கிறார்கள், எதிர்க் கட்டடத்தில் இரவு வேலை முடித்து விடிந்ததும் தூங்க வருகிற நர்ஸ்கள் இருக்கிறார்கள். நாங்கள் குப்பை போடுகிறோம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம், துணி காயப்போடுகிறோம், உடம்பு சரியில்லாமல் படுக்கிறோம். ஆனால் மறுசீரமைப்புத் திட்டம் என்று ஒரு வரைபடத்தை விரித்தால் அதில் எங்களைத் தவிர எல்லாரும் இருக்கிறார்கள். அலுவலகங்களுக்கு எத்தனை பேர் வருவார்கள், கடைகளில் எவ்வளவு வியாபாரம் நடக்கும், எத்தனை கார் நிற்கும், எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. சாயங்காலம் ஆனதும் கிளம்பிப் போகிறவர்களுக்காக வரைந்த திட்டத்துக்குள் நாங்கள் இருபத்து நான்கு மணி நேரமும் கிடந்து வாழ வேண்டியிருக்கிறது. என் கோபமெல்லாம் இதுதான்.

நடைபாதையில் இருந்தே ஆரம்பிக்கிறேன், வயிற்றெரிச்சல் தினமும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு கட்டடத்தை இடித்து இன்னொன்று கட்ட அனுமதி கிடைத்துவிட்டால் முதல் வேலையாகத் தகரத் தடுப்பு வைக்கிறார்கள். அந்தத் தடுப்பு மனையின் எல்லையோடு நிற்பதில்லை. நடைபாதையை முழுசாக விழுங்கிவிட்டுச் சாலை ஓரம் வரை வந்து நிற்கிறது. "பாதசாரிகள் எதிர்ப்புறம் செல்லவும்" என்று ஒரு பலகை. சரி என்று எதிர்ப்புறம் போனால் அங்கே வடிகால் வேலை, பள்ளம் தோண்டி ஜல்லியைக் கொட்டி அரைகுறையாக மூடி வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். அதன் முன்சக்கரம் இரண்டும் ஜல்லியில் புதைந்து, அவர் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் சாலையின் விளிம்பில் நின்றுகொண்டிருக்க, பின்னால் வந்த காரில் இருந்தவர் விடாமல் ஹாரன் அடித்தார். நான் ஓடிப்போய் வாக்கரைத் தூக்கிவிட்டேன், அந்த அம்மாவின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அதே தெருவில் கார் போகிற தடம் ஒரு அடிகூடக் குறையவில்லை! ஒரே ஒரு தடத்தை எடுத்து, கான்கிரீட் கட்டைகளை வரிசையாக வைத்து, மேலே கூரை போட்ட ஒரு வழியை அமைத்துக் கொடுக்க என்ன கேடு? நியூயார்க்கில் உயரமான கட்டடத்தில் வேலை நடந்தால் நடைபாதைக்கு மேல் பாதுகாப்புக் கூரை போட வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூரையை வருஷக்கணக்கில் கழற்றாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள் என்று அங்கே இருப்பவர்கள் திட்டுகிறார்கள், நியாயமான திட்டுதான், ஆனாலும் நடக்க வழி இருக்கிறது. இங்கே வழியே இல்லை. நடந்து போகிறவன் எங்கே போவான் என்ற கேள்வி அனுமதி கொடுத்தவருக்கும் வரவில்லை, வாங்கியவருக்கும் வரவில்லை.

அப்புறம் இரவு வேலை. ராத்திரி கான்கிரீட் கலவை லாரி வரும், பின்னால் நகரும்போது பீப் பீப் என்று கத்தும், பம்ப் ஓடும், யாரோ கம்பியைக் கீழே போடுவார்கள். ஏன் ராத்திரியில் செய்கிறீர்கள் என்று கேட்டால் பகலில் செய்தால் போக்குவரத்து பாதிக்குமாம். யோசித்துப் பாருங்கள். காரில் கடந்து போகிறவருக்குப் பத்து நிமிஷம் தாமதம் ஆகக்கூடாது, அதற்காக ஒரு தெருவில் இருக்கிற அத்தனை பேரும் தூங்காமல் கிடக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட இரவு ஒலி வழிகாட்டியில், வீட்டுக்கு வெளியே இரவு நேரச் சராசரி ஒலி 40 டெசிபலைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஒரு அமைதியான நூலகத்தின் அளவு அது. எங்கள் ஜன்னலுக்குக் கீழே ஓடும் ஜெனரேட்டருக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அந்தப் பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்திருக்கிறாள், அங்கேதான் சத்தம் கொஞ்சம் குறைவு. புகார் எண்ணுக்கு அடித்தால் "அனுமதி வாங்கித்தான் செய்கிறார்கள்" என்று பதில். அதுதானே என் புகார்? அந்த அனுமதியை ஏன் கொடுத்தீர்கள்?

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டால் கடைசியில் என்ன எழும்புகிறது என்று பார்த்தால் அங்கேதான் ரத்தம் கொதிக்கிறது. முன்பு அந்த இடத்தில் சாவி செய்கிறவர் இருந்தார், தையல்காரர் இருந்தார், மருந்துக்கடை இருந்தது, அதற்கு மேலே இரண்டு மாடி நிறைய வீடுகள். வாடகை குறைவு, கட்டடம் பழசு, அதனால்தான் அவர்களால் அங்கே இருக்க முடிந்தது. ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி 1961-லேயே இதை எழுதிவிட்டார்: சின்னத் தொழில் எதுவும் புதுக் கட்டடத்தின் வாடகையைத் தாங்காது, ஒரு வட்டாரத்தில் பழைய கட்டடங்கள் கலந்து இருந்தால்தான் அங்கே எல்லா வகை மனிதர்களும் பிழைக்க முடியும் என்று. இன்னொன்றும் சொன்னார், தெருவைப் பார்த்தபடி கதவும் கடையும் ஜன்னலும் இருந்தால் அந்தத் தெருவைக் காவல் காக்க வேறு ஆள் தேவையில்லை என்று. இப்போது அந்த இடத்தில் தரைத்தளம் முழுக்க ஒரே சுவர். கதவு இல்லை, ஜன்னல் இல்லை, கடை இல்லை. சுவரில் இடுப்பு உயரத்தில் நீளமாக ஒரு இரும்புத் தட்டி, உள்ளே இருக்கும் பார்க்கிங்கின் வெப்பக்காற்றும் புகையும் அது வழியாக நேராக நடந்து போகிறவர் மேல் அடிக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்தச் சுவர் ஓரமாகத் தனியாக நடக்கப் பெண்கள் பயப்படுகிறார்கள். மருந்துக்கடை விளக்கு எரிந்த காலத்தில் அந்தப் பயம் இல்லை.

ஏன் தரைத்தளம் முழுக்க பார்க்கிங்? விதி அப்படி. இத்தனை சதுர அடி அலுவலகத்துக்கு இத்தனை கார் நிற்க இடம் விட்டே ஆக வேண்டும் என்று விதி போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு கார் நிற்க, அது உள்ளே வந்து திரும்ப, எல்லாம் சேர்த்து சுமார் 300 சதுர அடி வேண்டும். ஒரு சின்னக் குடும்பம் நெருக்கி இருந்துகொள்ளக்கூடிய இடம்! டொனால்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த ஒரு விஷயத்துக்கே செலவழித்தார். இந்த எண்களுக்குப் பின்னால் உருப்படியான ஆய்வு கிடையாது, ஒரு ஊர் இன்னொரு ஊரைப் பார்த்து எழுதிக்கொண்டது, கார் வைத்திருக்காதவரும் இதற்கான செலவை வாடகையில் சேர்த்துக் கட்டுகிறார் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 2017-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரம் இந்தக் கட்டாயத்தையே தூக்கி எறிந்தது. அதே ஆண்டு மெக்சிகோ சிட்டி குறைந்தபட்ச அளவை எடுத்துவிட்டு, இதற்கு மேல் பார்க்கிங் கட்டக்கூடாது என்று உச்ச அளவு வைத்தது. ஆக, முடியாத காரியம் ஒன்றுமில்லை. நகரத்தின் நடுவில், பஸ்ஸும் ரயிலும் வந்து நிற்கும் இடத்தில் இருந்துகொண்டு என்னிடம் கார் இல்லை, வேண்டவும் வேண்டாம். ஆனால் என் வாசலை அந்தக் காருக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

திட்டத்தில் "பொதுவெளி" என்று பச்சை நிறத்தில் ஒன்று காட்டுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கட்டடத்துக்கு முன்னால் வழவழவென்று கல் பதித்த ஒரு திடல். நிழல் இல்லை. நான்கே நான்கு பெஞ்சு, ஒவ்வொன்றின் நடுவிலும் இரும்புக் கைப்பிடி, யாரும் படுத்துவிடக் கூடாதாம். பெஞ்சின் அகலம் ஒரு முழம்கூட இல்லை, முன்பக்கம் கொஞ்சம் சரிவு வேறு, பத்து நிமிஷம் உட்கார்ந்தால் தொடை வலிக்கிறது. நியூயார்க் 1961-ல் ஒரு விதி கொண்டுவந்தது: ஒரு சதுர அடி திடல் விட்டால், மிக நெருக்கமான பகுதிகளில் 10 சதுர அடி கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். பில்டர்கள் கட்டித் தள்ளினார்கள், திடல்கள் பாதி காலியாகவே கிடந்தன. வில்லியம் வைட் என்பவர் கேமராவை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் படமெடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்த உண்மை என்ன தெரியுமா? உட்கார இடம் இருந்தால் ஜனங்கள் உட்காருவார்கள். அவ்வளவுதான்! அதை விதியில் சேர்க்க 1975 வரை ஆனது. அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் உட்கார முடியாத பெஞ்சைப் போட்டுவிட்டு அதற்குக் கூடுதல் மாடி அனுமதி வாங்குகிறார்கள் என்றால் இது அறியாமை என்று நான் நம்பத் தயாராக இல்லை.

இதையெல்லாம் சொன்னால் "அது பாழடைந்த பகுதி, இடிக்கத்தான் வேண்டும்" என்கிறார்கள். பாழானது எப்படி? இடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும் வீட்டு உரிமையாளர்கள் ஒழுகுகிற கூரையைக்கூடச் சரிசெய்யாமல் விட்டார்கள், தெருவிளக்கு அணைந்தால் மாற்ற ஆள் வரவில்லை, குப்பை தேங்கியது, பிறகு அந்தக் குப்பையைப் படம் பிடித்து அறிக்கையில் ஒட்டினார்கள். பாஸ்டன் நகரத்தின் வெஸ்ட் எண்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பல நாடுகளில் இருந்து வந்து குடியேறிய உழைப்பாளிகள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. சேரி என்று முத்திரை குத்தி, 1950-களின் கடைசியில் சுமார் 2,700 குடும்பங்களை வெளியேற்றிவிட்டுத் தரைமட்டமாக்கினார்கள். அங்கேயே தங்கி ஆராய்ந்த ஹெர்பர்ட் கான்ஸ் என்ற சமூகவியலாளர், இது சேரி இல்லை, வாடகை குறைந்த, உறவு நெருங்கிய ஒரு குடியிருப்பு என்று எழுதினார். யார் கேட்டார்கள்? வசதி படைத்தவர்களுக்கான அடுக்குமாடிகள் எழும்பின. அதன் பக்கத்தில், நெரிசலில் மாட்டி நிற்கும் கார்களைப் பார்த்து, "இங்கே குடியிருந்தால் இந்நேரம் வீட்டில் இருப்பீர்கள்" என்று பெரிய விளம்பரப் பலகை வைத்தார்கள். அங்கே குடியிருந்தவர்களைத் துரத்திவிட்டு! அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே அந்தச் சாலையில் போய்வர வேண்டியிருந்தது.

உடனே "நீ வளர்ச்சிக்கு எதிரி" என்று கிளம்பி வருவார்கள். இல்லை. கட்டுங்கள், உயரமாகக் கட்டுங்கள், இன்னும் ஆயிரம் குடும்பம் வரட்டும், ஆள் வந்தால்தான் மருந்துக்கடையும் வரும். கோபன்ஹேகனில் 1962-ல் ஸ்ட்ரோயெட் தெருவில் கார்களை நிறுத்தியபோது வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் கத்தினார்கள், இன்றைக்கு அந்தத் தெருவில் நடக்கிற கூட்டத்தைப் பார்க்க உலகமே போகிறது. சான் பிரான்சிஸ்கோவில் 1989 நிலநடுக்கத்தில் சேதமான எம்பார்கடேரோ மேம்பாலத்தைத் திரும்பக் கட்டாமல் 1991-ல் இடித்தார்கள், கடற்கரை ஊருக்குத் திரும்பக் கிடைத்தது. சியோலில் சொங்க்யேசொன் ஓடைக்கு மேல் இருந்த உயர்சாலையை 2003-ல் பிரிக்க ஆரம்பித்து 2005-ல் தண்ணீரை ஓடவிட்டார்கள். அங்கேயும் பழைய வியாபாரிகள் பலர் இடம் இழந்தார்கள், அதை மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நடப்பவனுக்கு இடம் கொடுத்தால் நகரம் செத்துப்போகாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? "பிடிக்கவில்லை என்றால் ஊருக்கு வெளியே போய் இருக்கவேண்டியதுதானே" என்று சொல்கிறவர்களுக்கு ஒரே பதில்தான். நாங்கள் போக மாட்டோம். வாடகையை ஏற்றியே எங்களைப் போக வைத்துவிடலாம் என்பதுதான் கணக்கு என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று நடத்துகிறார்கள். வார நாளில், காலை பதினொரு மணிக்கு. வேலைக்குப் போகிறவர் யார் வர முடியும்? இரவு முழுக்கத் தூங்காத தாய் வர முடியுமா, இரவுப் பணி முடிந்து வந்த நர்ஸ் வர முடியுமா? ஆளுக்கு மூன்று நிமிஷம், நடுவில் மைக்கை அணைத்துவிடுவார்கள். திரையில் ஓடும் முப்பரிமாணப் படத்தில் எல்லாரும் இளைஞர்கள், எல்லார் கையிலும் காபி, வாக்கர் பிடித்த ஒரு ஆள் கிடையாது. டெண்டர் ஏற்கெனவே விட்டாகிவிட்டது என்பது பிறகுதான் தெரிகிறது.

அடுத்த கூட்டத்தை ராத்திரி எட்டு மணிக்கு, எங்கள் தெருவிலேயே வையுங்கள். தகரத் தடுப்பு வைக்கும்போது அதே பக்கத்தில் நடக்க வழி, இரவு பத்து மணிக்கு மேல் கலவை லாரி கிடையாது, தரைத்தளத்தில் சுவருக்குப் பதில் கடை, இடிபட்ட கட்டடத்தில் இருந்தவர்கள் பழைய வாடகைக்கு நெருங்கிய வாடகையில் திரும்பி வரும் உரிமை, இதெல்லாம் வாக்குறுதியாக வேண்டாம், அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனையாக எழுதுங்கள், மீறினால் அன்றைக்கே வேலையை நிறுத்துங்கள். அதற்குக் கையெழுத்துப் போடும் அதிகாரி, போடுவதற்கு முன்னால், ஒரு வாரம் எங்கள் கட்டடத்தில் வந்து தங்கட்டும். தெருவைப் பார்த்த அறையைக் கொடுக்கிறோம்.