ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கரில் போடலாமா?

அக்கா, ஊறவைத்த சிவப்பு ராஜ்மாவை அப்படியே ஸ்லோ குக்கரில் (மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம்) 'லோ'வில், அதாவது குறைந்த சூட்டில், வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம், பிரஷர் குக்கரைவிட அதுதான் பாதுகாப்பு என்று உங்கள் பதிவில் சொல்லியிருக்கிறீர்கள். மார்த்தாண்டம், தக்கலை பக்கமிருந்து நாலைந்து பேர் செய்து பார்ப்பதாகவும் எழுதியிருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: ராஜ்மா விஷயத்தில் அது சரியில்லை.

சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் அதிகம். நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரில் சமைத்த உணவின் உட்சூடு பல நேரம் 75 டிகிரியைக்கூடத் தாண்டவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குறிப்பிடுகிறது. அரைவேக்காட்டு ராஜ்மா பச்சையாக இருப்பதைவிட மோசமாகலாம் என்றும் அதே குறிப்பில் இருக்கிறது. சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தி, பேதி தொடங்கும். விரலில் நசுக்கினால் மசிகிறதே என்று நம்பிவிட வேண்டாம். மசிவது நச்சு போனதற்கு அடையாளம் இல்லை.

சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நீங்களே பார்க்கலாம். முதலில் அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் வையுங்கள், நம் கடலோரத்தில் 100 டிகிரி காட்டும். பிறகு ஸ்லோ குக்கரின் நடுவில் வைத்து, அந்தச் சூட்டை எட்டுகிறதா என்று பாருங்கள்.

ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றலாம். பிரஷர் குக்கரில் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதால், நன்றாக வேகவிட்டால் இந்தக் கவலை இல்லை. கஞ்சிக்கு நாம் வைக்கும் சிறுபயறுக்கு இவ்வளவு பயமும் வேண்டாம்.