எஜமானர் என்ற சொல் இங்கே பொருந்துமா?

ஜார்ஜ் வாஷிங்டனை 'அடிமைகளின் எஜமானர்' என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்தான் உறுத்துகிறது. யஜமானன் என்றால் முதலில் வேள்வி செய்விப்பவன், செலவை ஏற்பவன். அந்த மரியாதை வாசனை இன்னும் போகவில்லை. 'ஆண்டான்' என்றாலும் அதே கதைதான். ஆண்டவனும் அதே வேரில் முளைத்தவன்தானே! 'முதலாளி' சுத்தமாக ஒட்டாது, கூலி கொடுப்பவனுக்கான சொல் அது.

இப்போது பலர் 'அடிமைப்படுத்தியவர்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கும், ஆனால் ஒரு சிக்கல். 1743இல் அப்பா இறந்தபோது வாஷிங்டனுக்கு வயது 11. பத்து அடிமைகள் அவர் பங்குக்கு வந்தார்கள். அந்தச் சிறுவனை எப்படி அழைப்பது? அன்றைக்கு 'அடிமை உடைமையாளர்' என்பதே சரி. வளர்ந்தபின் விலைக்கு வாங்கினாரே, தப்பி ஓடியவர்களைத் தேட ஆள் அனுப்பினாரே, அப்போது 'அடிமைப்படுத்தியவர்' என்று தாராளமாக எழுதலாம்.

இன்னொன்று. அமெரிக்க அரசமைப்பின் மூல வாசகத்தில் அடிமை என்ற சொல்லே கிடையாது. தப்பியவரை 'உழைப்பு யாருக்குக் கடன்பட்டதோ அவரிடம்' ஒப்படைக்கச் சொல்கிறது. உடைமையாளர் என்று எழுத அதை வரைந்தவர்களுக்கே கூச்சம். நாம் மட்டும் எதற்கு 'எஜமானர்' என்று கும்பிடு போட வேண்டும்?