எந்த ஆண்டு அலி?

குத்துச்சண்டையில் முகமது அலியும் மைக் டைசனும் தங்கள் நல்ல காலத்தில் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்று ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் நடந்த வாக்குவாதத்தைப் பற்றி உள்பெட்டியில் பலர் கேட்டுவிட்டீர்கள். அங்கே என்னை முழுதாகப் பேச விடவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். "ஹோம்ஸ் அலியை அடிச்சான், டைசன் ஹோம்ஸை நாலே ரவுண்டில விழுத்தினான், பிறகென்ன கதை?" என்று தம்பி ஒருவர் கேட்டதும் எல்லாரும் கைதட்டினீர்கள்.

எந்த ஆண்டு அலி? முதலில் அதைச் சொல்லுங்கள்.

1980 ஒக்டோபரில், அன்றைய ஹெவிவெயிட் சாம்பியன் லாரி ஹோம்ஸிடம் அடிவாங்கிய அலிக்கு 38 வயது. தைராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டு, வலுவிழந்து வந்து நின்ற மனிதர். பத்தாவது சுற்று முடிய அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டியே சண்டையை நிறுத்தினார். 1988 ஜனவரியில் டைசனிடம் விழுந்த ஹோம்ஸுக்கும் அதே 38 வயதுதான். கிட்டத்தட்ட இரண்டு வருடம் சண்டையே பிடிக்காதவர். வயதுபோன இருவரின் தோல்விகளைக் கூட்டி, 24 வயது அலிக்குத் தீர்ப்பு எழுதுவது என்ன நியாயம்?

நான் சொல்வது 1966 அலி, 1988 டைசன். அலி 6 அடி 3 அங்குலம், கைவீச்சு 78 அங்குலம். டைசன் 5 அடி 10, கைவீச்சு 71. எடையில் ஐந்தாறு இறாத்தல்தான் வித்தியாசம், அதைப் பெரிதாக்க வேண்டாம்.

டைசனின் அடி கையில் தொடங்குவதில்லை. இரண்டு கையுறையையும் கன்னத்தோடு ஒட்டிவைத்து, எதிராளியின் ஜாப்புக்கு, அதாவது முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்க்குத்துக்கு, தலையைச் சாய்த்து, பாரத்தை இடக்காலில் ஏற்றி, அங்கிருந்து விலாவுக்குப் பக்கவாட்டில் வளைந்து வரும் ஒரு ஹூக், தாடைக்குக் கீழிருந்து எழும் ஒரு அப்பர்கட். அதற்கு அவருடைய பாதங்கள் ஒரு கணம் ஊன்ற வேண்டும், எதிராளியும் அங்கேயே நிற்க வேண்டும். 1988இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸ் அப்படி நின்றார், டைசன் 91 செக்கனில் முடித்துவிட்டார். அலி நிற்க மாட்டார். ஜாப் போட்டபடி தன் இடப்பக்கமாகச் சுற்றுவார், அதாவது டைசனின் இடக்கை ஹூக்கை விட்டு விலகிக்கொண்டே. டைசன் உள்ளே புகுந்தால் பிடரியில் கையைப் போட்டுத் தலையை அமுக்கிப் பிடிப்பார். விதிப்படி பிழைதான், ஆனால் அலிக்கு மத்தியஸ்தர்கள் அதைப் பெரும்பாலும் விட்டுக்கொடுத்தார்கள். பிடித்தால் டைசன் திணறுவார் என்பதை போன்கிரஷர் ஸ்மித்துடன் நடந்த 12 சுற்றுச் சண்டையில் பார்த்தோம். வென்றது டைசன்தான், ஆனால் விழுத்த முடியவில்லை.

"இடக்கை ஹூக் அலிக்கு ஆகாது" என்பீர்கள். உண்மை. கையைத் தாழ்த்தி வைத்துப் பின்னால் சாய்கிறவருக்கு அந்த ஆபத்து எப்போதும் உண்டு. 1963இல் ஹென்றி கூப்பர் அவரை விழுத்தினார், 1971இல் ஜோ ஃப்ரேசியர் விழுத்தினார். முதல் நாலு சுற்றுக்குள் டைசனும் விழுத்தக்கூடும். ஆனால் அந்த இரண்டு தடவையும் அலி எழும்பினார்.

1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் நீளமான ஜாப்பை வைத்தே டைசனை உடைத்ததைச் சொன்னால், "அன்றைக்கு டைசன் ஒழுங்காகப் பயிற்சி எடுக்கவில்லை" என்கிறீர்கள். சரி, ஏற்றுக்கொள்கிறேன். 23 வயது டைசனுக்குக் கொடுக்கிற அந்தச் சலுகையை 38 வயது அலிக்கு ஏன் கொடுக்கவில்லை? எனக்கு வலித்தது அதுதான். அவர் தளர்ந்துபோய் அடிவாங்கும் அந்தக் காணொளியைப் போட்டுக் காட்டிச் சிரித்தீர்கள். வியட்நாம் போர்க் காலத்தில் படையில் சேர மறுத்ததற்காக மூன்றரை வருடம் ரிங்குக்குள் விடாமல் அவருடைய நல்ல காலத்தைப் பறித்தார்கள். மிச்சத்தையும் நாங்கள் பறிக்க வேண்டுமா?

1966 நவம்பர் 14, ஹூஸ்டன், கிளீவ்லண்ட் வில்லியம்ஸுடனான சண்டை. மூன்று சுற்றுத்தான். வில்லியம்ஸ் துப்பாக்கிச்சூட்டுக் காயத்திலிருந்து மீண்டு வந்தவர், அதனால் அவரை வைத்து எதையும் அளக்க வேண்டாம். அலியின் கால்களை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு வாருங்கள், கதைப்போம்.