அறுபது சென்ட் போச்சு, அதற்காக நாற்பது யூனிட் பேட்டரியா?

2010இல் மெல்பர்னில் எங்கள் கூரையில் சோலார் ஏறியதும் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. பகலில் கிரைண்டர் ஓடக் கூடாது. மாவரைப்பது, துணி துவைப்பது எல்லாம் இருட்டிய பிறகுதான். விக்டோரியா மாநிலத்தில் அப்போது வீட்டுச் செலவு போக கிரிட்டுக்கு, அதாவது ஊருக்குக் கரண்ட் கொண்டுபோகும் கம்பிக்கு, போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 60 சென்ட் கொடுத்தார்கள். நாங்கள் வாங்கிய விலையோ அதில் பாதிகூட இல்லை. பகல் வெயிலில் இட்லிக்கு அரைத்தால் காசைப் போட்டு அரைக்கிற மாதிரி இருக்கும். இரவு பத்து மணிக்கு உளுந்தோடு மல்லுக்கட்டியே என் மாமியாருக்குப் பாதித் தூக்கம் போனது.

அந்தத் திட்டம் 2024 நவம்பரில் முடிந்தது. முடிந்ததிலிருந்து நம் வாட்ஸப் குழுக்களில் ஒரே ஒப்பாரி, அரசாங்கம் ஏமாற்றிவிட்டதாம். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. 2024 வரைதான் என்று ஆரம்பத்திலேயே சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்த 60 சென்ட் வானத்திலிருந்தும் விழவில்லை. எல்லாருடைய கரண்ட் பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி எங்களுக்குக் கொடுத்தார்கள். கூரையே இல்லாத அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறவரும் அதில் பங்கு போட்டிருக்கிறார். வாங்கித் தின்ற வாய் கொஞ்சம் அடங்கியிருக்கலாம்.

பேனலைக் கூட்டினால் அந்தச் சலுகை போய்விடும் என்பதால் 2 கிலோவாட்டையே கட்டிக்கொண்டு அழுதோம். திட்டம் முடிந்ததும் கழற்றிவிட்டு 6.6 கிலோவாட் போட்டோம். அப்போது கிரிட்டுக்கு அனுப்பும் யூனிட்டுக்குக் குறைந்தபட்ச விலை 3.3 சென்ட். 2025-26க்கு அந்த விலையை வைக்கும் மாநில ஆணையமான எசென்ஷியல் சர்வீசஸ் கமிஷன் வைத்தது 0.04 சென்ட். தட்டச்சுப் பிழை இல்லை. ஒரு கோடை மாதத்தில் 500 யூனிட் அனுப்பினால் அந்த விலைக்கு 20 சென்ட் வரும். ஊரெல்லாம் கூரையில் சோலார், மதியம் எல்லாரிடமும் மிச்சம். கரண்டின் மொத்த விற்பனைச் சந்தையில் பல மதியங்களில் விலை பூஜ்யத்துக்குக் கீழேயே போகிறது. சந்தைக்கே வேண்டாத சரக்கை யார் காசு கொடுத்து வாங்குவார்?

சரி, பேட்டரி. 2025 ஜூலையில் ஆஸ்திரேலிய மத்திய அரசு அதற்கு ஏறக்குறைய 30 சதவீதம் தள்ளுபடி தர ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்கு வந்த விற்பனையாளர் 40 யூனிட் கரண்ட் பிடிக்கிற பேட்டரியை எடுத்துக்கொள்ளச் சொன்னார், "நாலே வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும்" என்று. காபி கொடுத்து அனுப்பிவிட்டோம். ஸ்மார்ட் மீட்டரின் அரைமணிக் கணக்கை எடுத்துப் பார்த்தால், சாயங்காலத்திலிருந்து காலை வரை நாங்கள் செலவழிப்பது ஒன்பது யூனிட். அதற்கு 40 எதற்கு? ஜூன், ஜூலைக் குளிர்காலத்தில் மெல்பர்ன் வானம் இருக்கிற இருப்புக்கு அது பாதிகூட நிரம்பாது.

10 யூனிட் வாங்கினோம், தள்ளுபடி போக ஏழாயிரம் டாலர். சாயங்காலக் கரண்ட் யூனிட் 33 சென்ட் என்றால் ஒன்பது யூனிட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்று டாலர் மிச்சம். பேட்டரி நிரம்பாத குளிர்கால நாட்களைக் கழித்தால் வருடத்துக்கு 800 சொச்சம். போட்டது திரும்ப எட்டு, ஒன்பது வருடம் ஆகும், வாரண்டி பத்து வருடம். கணக்கு தேறுகிறது, அவ்வளவுதான். நாலு வருஷக் கதையெல்லாம் இல்லை.

பேட்டரியோடு இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள், பேக்கப் வயரிங். 2024 பிப்ரவரி 13 புயலில் அஞ்சு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போனது நினைவிருக்கும். கூரையில் சோலார் இருந்தும் எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடவில்லை. கிரிட் போனால், சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வர்ட்டரும் தானே நின்றுவிடும், கம்பியில் வேலை செய்கிறவரின் உயிருக்காக. பேட்டரி இருந்தாலும், கிரிட் போனாலும் பேட்டரியிலிருந்து வீட்டை ஓட்டும் அந்த பேக்கப் வயரிங்கைத் தனியாகச் செய்யாவிட்டால் அதே கதிதான்.

உண்மையில் பேட்டரிக்கு முன்பே எங்கள் பில்லைக் குறைத்தது பழக்கம்தான். சுடுதண்ணீர் ஹீட் பம்ப்புக்குப் பகல் 11 மணிக்கு டைமர், வாஷிங் மெஷின் மதியம். கிரைண்டரும் மதியத்துக்கு மாறிவிட்டது. மாமியார்தான் இன்னும் நம்பவில்லை. நேற்று பன்னிரண்டு மணிக்கு நான் சுவிட்சைப் போட்டதும் உள்ளேயிருந்து குரல்: "பகல்லயா ஓட்டுற? அறுபது சென்ட் போகுது பாரு!"