மௌன ஏலம்

(கொடைக்கானல். காலை பத்து மணியாகியும் மூடுபனி விலகவில்லை. மலைக் கிராமங்களுக்கு ஆம்புலன்ஸ் வாங்க ஒரு கோல்ஃப் போட்டி. போட்டி முடிந்ததும் ஏலம். அறக்கட்டளையில் கணக்கெழுதும் கவிதாவும், முப்பது வருடம் கோல்ஃப் மைதானத்தில் ‘கேடி’யாக (caddie) ஆட்டக்காரர்களின் பை சுமந்த செல்வராஜும் மேசை முன் நிற்கிறார்கள். மேசையில் நன்கொடைப் பொருட்கள். பார்க்கவே பாவமாக இருக்கிறது.)

செல்வராஜ்: ஏம்மா, இவ்வளவுதானா?

கவிதா: இவ்வளவுதான் அண்ணே. சுவர்க்கடிகாரம் ஆறு. அதில் நாலில் ‘மணமக்களுக்கு அன்புடன்’ என்று எழுதியிருக்கிறது.

செல்வராஜ்: யார் வீட்டுக் கல்யாணத்திலோ வந்ததை நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

கவிதா: இதோ, புத்தம் புது மட்டை ஒன்று.

செல்வராஜ்: ஒருவர் பையில் 14 மட்டைதான் இருக்கலாம், அது விதி. எல்லார் பையும் ஏற்கனவே ரொம்பிக் கிடக்கிறது. பதினைந்தாவதோடு இறங்கினால் ஒரு குழிக்கு 2 அடி கூடுதலாக அடித்ததாகக் கணக்கு, அதுதான் தண்டம். காசையும் கொடுத்துத் தண்டமும் கட்டுவார்களா?

கவிதா: திண்டுக்கல் பூட்டு?

செல்வராஜ்: புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு, குறையே சொல்ல முடியாது. ஆனால் வருகிறவர்கள் வீட்டுக் கதவெல்லாம் விரலை வைத்தால் திறக்கிறது.

கவிதா: மலைப்பூண்டு ஐந்து கிலோ. இதற்கும் குறியீடு உண்டு.

செல்வராஜ்: அதைத் தனியாக எடுத்து வை. ஏலத்துக்கு இல்லை, எனக்கு வாய்வுத் தொல்லை.

கவிதா: அண்ணே! சரி, இது பெரிய ஐட்டம். குறிஞ்சி பூக்கும் நேரத்தில் விடுதியில் இரண்டு நாள் இலவசம்.

செல்வராஜ்: குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை. 2018-ல் பூத்தது, இனி 2030-தான். கூப்பன் எதுவரைக்கும் செல்லும்?

கவிதா: (திருப்பிப் பார்த்து) ஆறு மாதம்.

செல்வராஜ்: கெட்டிக்கார மனுஷன்.

கவிதா: ஒரே அடியில் குழியில் போட்டால் கார் தருகிறேன் என்று இன்னொருவர் சொல்கிறார்.

செல்வராஜ்: குழி 4.25 அங்குலம். சாதாரண ஆட்டக்காரர் அடித்தால் 12,500-க்கு ஒன்று விழும் என்பார்கள். அதுவும் இந்தப் பனியில்! அந்தக் காரில் அவர் பேரன் பள்ளிக்கூடம் போவான்.

கவிதா: அதற்கும் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறாராம்.

செல்வராஜ்: கார் மோதினால் இன்சூரன்ஸ் கேள்விப்பட்டிருக்கிறேன். பந்து விழுந்தாலுமா?

கவிதா: எல்லாம் இருப்பவர்களுக்கு எதைத்தான் விற்பது அண்ணே?

செல்வராஜ்: விழுப்புரம் பக்கம் திருவெண்ணெய்நல்லூரில் முருகன் கோயில் ஒன்று. 2024 பங்குனி உத்திரத்தில் வேலில் குத்திய 9 எலுமிச்சம்பழம் 2 லட்சத்துக்கு மேல் போனது. பழத்துக்கா காசு?

கவிதா: நம்மிடம் வேல் இல்லையே.

செல்வராஜ்: இது இருக்கிறதே.

(மேசைக்கு அடியிலிருந்து உரச் சாக்கு ஒன்றை இழுத்துக் கவிழ்க்கிறார். பழுப்பேறிய பந்துகள் உருண்டோடுகின்றன. ஒன்று கடிகாரத்தில் மோத, நின்றிருந்த முள் ஓட ஆரம்பிக்கிறது.)

கவிதா: பழைய பந்து!

செல்வராஜ்: தொலைந்த பந்து. ஒவ்வொன்றிலும் பேனாவால் அடையாளம் இருக்கும், பார். பச்சைப் புள்ளி இரண்டு இருந்தால் பல் டாக்டர். குழியைச் சுற்றியுள்ள புல்தரையை, அதாவது கிரீனை, ஒட்டி விழுந்த பந்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சத்தியம் செய்தார். குரங்கு தூக்கினால் தண்டமில்லாமல் வேறு பந்து வைக்கலாம். அன்றைக்குக் கோப்பையும் அவருக்குத்தான். பந்தை நான் ஓடைக்கு அந்தப் பக்கம் எடுத்தேன்.

கவிதா: இந்தச் சிவப்புக் கோடு?

செல்வராஜ்: மில் முதலாளி. காட்டுமாட்டுச் சாணிக்குள் கிடந்தது. மூன்று தடவை கழுவிவிட்டேன்.

(கவிதா பந்தை வைத்துவிட்டுக் கையைத் துப்பட்டாவில் துடைக்கிறாள். பிறகு துப்பட்டாவைப் பார்த்து வருந்துகிறாள்.)

கவிதா: இதைப் போய் யார் எடுப்பார்கள்?

செல்வராஜ்: அவர் எடுக்காவிட்டால் டாக்டர் எடுத்துவிடுவாரே! டாக்டர் பந்து முதலாளி கைக்குப் போகட்டும், அப்புறம் வேடிக்கை பார்.

கவிதா: அண்ணே, இது ஏலமா, மிரட்டலா?

செல்வராஜ்: நான் என்ன சொன்னேன்? ‘பந்து ஒன்று. கிடைத்த இடம் கேட்டால் தெரிவிக்கப்படும்’ என்று மட்டும் எழுது.

கவிதா: கொடுத்தவர், கேடி செல்வராஜ்...

செல்வராஜ்: கேடியை அடி! போன தடவை நோட்டீசில் அப்படிப் போட்டதைப் பார்த்துவிட்டு, என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

கவிதா: சரி, சரி. இன்னொன்று, இந்த வருடம் ஒரு தரம் இரண்டு தரம் என்று கூவக் கூடாதாம். மௌன ஏலம் என்று கமிட்டியில் முடிவு.

செல்வராஜ்: அதைத்தானே நானும் சொல்கிறேன். என் மௌனத்துக்கு ஆரம்ப விலை எவ்வளவு போட்டிருக்கிறாய்?

கவிதா: அது இல்லை அண்ணே! பொருளுக்குப் பக்கத்தில் தாள் இருக்கும். வேண்டியவர் சத்தமில்லாமல் தொகையை எழுதுவார், அடுத்தவர் அதற்குக் கீழே கூட்டி எழுதுவார்...

(கைப்பேசி அடிக்கிறது.)

கவிதா: வணக்கம் டாக்டர்... சாக்கா? ஆமாம், இங்கேதான்... இருபத்தையாயிரமா! சார், ஏலம் ஞாயிற்றுக்கிழமைதான்... (வாயைப் பொத்தி) அண்ணே, இவருக்கு யார் சொன்னது?

செல்வராஜ்: காலையில் டீக்கடையில் சாக்கைச் சும்மா இறக்கி வைத்தேன். அவ்வளவுதான்.

கவிதா: பச்சைப் புள்ளிப் பந்தை இப்போதே கொடுத்துவிடச் சொல்கிறார்.

செல்வராஜ்: எது வேண்டும் என்று கேள். பச்சைப் புள்ளியில் பதினொன்று இருக்கிறது.