"ஒன்றுமில்லை" என்ற அந்த ஒரு சொல்

போன வாரம் என் இடுப்பு வலிக்காக எடுத்த இன்னொரு ஸ்கேன் அறிக்கையைக் கையில் வாங்கினேன். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒன்றுமில்லை, எல்லாம் நார்மல். தைரியமாகப் போங்கள்" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, இடது காலை முன்னே நீட்டி, முழுப் பாரத்தையும் வலது காலில் போட்டு எழுந்தேன். நான்கு ஆண்டுகளாக அப்படித்தான் எழுகிறேன். அவர் அதற்குள் அடுத்தவரின் சீட்டைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

படியிறங்கும்போதுதான் கோபம் வந்தது. "நாங்கள் தேடிய இடத்தில் எதுவும் அகப்படவில்லை" என்று அவர் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். அது உண்மை. "ஒன்றுமில்லை" என்பது உண்மை இல்லை.

இரவு மூன்று மணிக்கு மேல் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. தொடையின் பக்கவாட்டு எலும்பு மெத்தையில் பட்டதுமே குடையத் தொடங்கிவிடும். வலப்பக்கம் படுத்து, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே தலையணை வைத்துக்கொள்வேன். புரண்டு படுக்க வேண்டுமென்றால் முதலில் விழித்துக்கொள்ள வேண்டும். பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்து, முழங்கால்களை ஒட்டவைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, தோளையும் இடுப்பையும் ஒரே கட்டையாகத் திருப்ப வேண்டும். ஓர் இரவில் நான்கைந்து முறை இது நடக்கும். காலையில் எழுந்தால் அரை மணி நேரத்துக்கும் மேலாக உடம்பு இறுகிக் கிடக்கும். குனிந்து காலுறை போட வராது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இடது காலைப் பின்னுக்கு மடித்து, பக்கவாட்டில் கையை விட்டு, தடவித் தடவிக் குதிகால் வரை இழுத்துவிடுவேன். நடக்க நடக்கத்தான் இறுக்கம் மெல்லத் தளரும்.

அலுவலகத்துக்குப் போகும் நேரத்தில் நான் சாதாரணமாக நடந்துகொண்டிருப்பேன். மற்றவர்கள் பார்ப்பது அந்த நடையை மட்டும்தான்.

முதல் இரண்டு ஆண்டுகள் வீணானதற்கு ஒரு காரணம் சொல்லில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. "இடுப்பு வலி" என்று சொன்னேன். பெல்ட் கட்டும் இடமும் நமக்கு இடுப்புதான். முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்புதான். தொடை எலும்பின் உருண்டைத் தலை கிண்ணத்தில் பொருந்துகிற மூட்டும் இடுப்புதான். பிரசவ வலிக்கும் அதே பெயர். நான் சொன்னது ஒன்று, கேட்டவர் புரிந்துகொண்டது ஒன்று. கீழ்முதுகை மட்டும் எக்ஸ்ரே எடுத்தார்கள், அங்கேயே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், அங்கேயே ஒத்தடமும் கொடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து ஒருவர் "டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, அதுதான் காரணம்" என்றார். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் தட்டுதான் டிஸ்க். அதே படத்தைப் பார்த்த இன்னொருவர் "இந்த வயதில் இது சகஜம், இதனால் வலிக்காது" என்றார்.

இரண்டாமவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதைப் பிறகுதான் படித்தேன். வலியே இல்லாதவர்களின் முதுகை ஸ்கேன் செய்து பார்த்த 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. நாற்பது வயதில் அது 50 சதவீதம், எண்பதில் 84 சதவீதம். எந்த வலியும் இல்லாமல் நடமாடுகிறவர்கள் இவர்கள். எனக்கும் நாற்பதை நெருங்குகிறது. அப்படியானால் படத்தில் தெரிகிற கோளாறு வலிக்குக் காரணமாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. இதை ஏற்றுக்கொள்கிற மருத்துவ உலகம் இதன் மறுபக்கத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டாமா? படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக வலிக்குக் காரணமே இல்லை என்று எப்படி ஆகும்? இயந்திரத்துக்குள் அசையாமல் மல்லாந்து கிடந்தேன். எனக்கு வலிப்பது எழும்போதும் திரும்பும்போதும்.

மூன்றாம் ஆண்டில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். இளம் பெண். அறிக்கைகளை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "முதலில் எங்கே வலிக்கிறது என்று கையால் காட்டுங்கள் அக்கா" என்றார். ஒரு விரலால் காட்ட முடியவில்லை. கட்டைவிரலைப் பின்பக்கமும் மற்ற விரல்களை முன்பக்கம் தொடை மடியும் இடத்திலும் வைத்து, பிறைபோல வளைத்துப் பிடித்துக் காட்டினேன். "இப்படிப் பிடித்துக் காட்டுகிறவர்களுக்கு மூட்டுக்குள்ளேயே ஏதாவது இருக்கலாம்" என்றார். மல்லாந்து படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கி, நெஞ்சுப் பக்கம் தூக்கி, மெல்ல உட்பக்கம் திருப்பினார். கவட்டில் சுருக்கென்று பிடித்தது. கத்திவிட்டேன். எனக்கு அப்போது வந்த கண்ணீர் வலியால் வந்தது அல்ல. என் காலைத் தொட்டு, திருப்பிப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

அவர் நோய்க்குப் பெயர் சொல்லவில்லை. உறுதியாகச் சொல்ல முடியாது என்று நேராகவே சொன்னார். இன்றுவரை எனக்குப் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விகள் என்னை நிறையப் படிக்க வைத்தன. இடுப்பு மூட்டின் கிண்ண விளிம்பில் இருக்கும் குருத்தெலும்பு வளையம் கிழிந்தால் சாதாரண எம்.ஆர்.ஐ.யில் அது தப்பிவிடலாம். படம் தெளிவாக விழுவதற்கான மருந்தை மூட்டுக்குள் செலுத்தி எடுக்கும்போது தெரியக்கூடும். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டில் வரும் அழற்சி இன்னொன்று. பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்கும். ஓய்வெடுத்தால் அடங்காது, நடமாடினால் தணியும், பின்னிரவில் எழுப்பிவிடும், காலையில் இறுக்கம் நீடிக்கும். எக்ஸ்ரேயில் அது தெரியவே பல ஆண்டுகள் ஆகலாம். இந்த வரிகளைப் படித்தபோது என் இரவுகளை யாரோ பார்த்து எழுதியதுபோல இருந்தது. எனக்கு இருப்பது இதுதான் என்று நான் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகளில் ஒரு மருத்துவர்கூட "காலையில் எப்படி இருக்கும்? நடந்தால் கூடுகிறதா, குறைகிறதா?" என்று கேட்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

வலியின் இடத்தைச் சொல்ல நம்மிடம் ஒரே சொல் இருந்தாலும், வலியின் குணத்தைச் சொல்ல எத்தனை சொற்கள் இருக்கின்றன! குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, எரிச்சல், மதமதப்பு, விண்விண்ணென்று தெறிப்பது. ஒவ்வொன்றும் ஒரு தடயம். கால் வழியே மின்சாரம்போல இறங்கினால், எரிந்தால், மரத்துப்போனால் நரம்பைச் சந்தேகிக்கலாம். எனக்கு இருப்பது குடைச்சலும் பிடிப்பும். படிவத்தில் இருந்தது "ஒன்று முதல் பத்துக்குள் எவ்வளவு?" என்ற கேள்வி மட்டும்தான். ஏழு என்று எழுதினேன். அந்த ஏழிலிருந்து யாருக்கு என்ன புரிந்திருக்கும்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் கீழ்முதுகு வலியோடு இருந்தவர்கள் சுமார் 61.9 கோடிப் பேர். இவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன நோயால் வருகிறது என்று உறுதியாகச் சுட்ட முடிவதில்லை. இத்தனை கோடிப் பேரும் கற்பனை செய்துகொண்டா இருக்கிறார்கள்? வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றே குறிப்பில் சேர்த்தது. திசுவில் சேதம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் வலி என்று அந்த வரையறை சொல்லவில்லை.

"மன அழுத்தமாக இருக்கும்" என்று சொன்னவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனத்துக்கும் வலிக்கும் தொடர்பு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. தூக்கம் கெட்டால் வலி கூடுகிறது, பயந்தால் கூடுகிறது. ஆனால் நான்கு ஆண்டுகள் சரியாகத் தூங்காத யாருக்கு மனம் அமைதியாக இருக்கும்? காரணம் தேடிக் களைத்துப்போன இடத்தில் மனத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது சிகிச்சை ஆகாது. வீட்டிலும் "அறிக்கையில்தான் ஒன்றும் இல்லையே" என்று ஒருமுறை சொன்னார்கள். வலியைவிட அது நெடுநாள் வலித்தது. ஒரு மருத்துவர் போகிறபோக்கில் சொல்லும் "ஒன்றுமில்லை" வீடுவரை வருகிறது, அலுவலகம்வரை வருகிறது, விடுப்புக் கடிதத்தைப் படிப்பவரின் புருவம்வரை வருகிறது.

மருத்துவர்களே, "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லுங்கள். உங்கள் மேல் எனக்கிருக்கும் மதிப்பு அதனால் குறையாது. "இன்னின்னது இல்லை என்று உறுதி செய்திருக்கிறோம், இன்னின்னது இன்னும் பார்க்கவில்லை, அதுவரை நடக்க இப்படி உதவுகிறேன்" என்று சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு நாங்கள் வாழ்ந்துவிடுவோம்.

என்னைப்போல இருப்பவர்களுக்கு ஒன்று மட்டும் அவசரமாகச் சொல்ல வேண்டும். சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை இழந்தால், தொடை இடுக்கில் உணர்வு மரத்தால், கால் திடீரென்று பலமிழந்தால் ஒரு நாளும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். வலியோடு காய்ச்சல் வந்தாலும், காரணமின்றி எடை குறைந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த மாதம் மூட்டுவாத நோய் நிபுணரைப் பார்க்க நாள் வாங்கியிருக்கிறேன். இந்த முறை ஒரு குறிப்பேடு கொண்டுபோகிறேன். எத்தனை மணிக்கு விழித்தேன், இறுக்கம் தளர எத்தனை நிமிடம் ஆனது, எந்த அசைவில் பிடித்தது என்று ஆறு வாரங்களாக எழுதிவருகிறேன். இன்று காலை ஐம்பது நிமிடம்.